மயிலுக்கு என்ன விலை?

ஞாயிற்றுக்கிழமை மதியம். சாப்பிட்டுவிட்டுக் கொஞ்சம் கண் அசரலாம் என்று பாயை விரித்தால், திருத்தணியிலிருந்து அக்கா போன்.

"நீயாவது அவனுக்கு எடுத்துச் சொல்லுடா. சைக்கிள் வாங்கப் போறானாம்."

"வாங்கட்டுமேக்கா, நல்ல விஷயம்தானே! பெட்ரோல் விக்கிற விலையில..."

"நாலரை லட்சமாம்டா!"

தூக்கம் போயே போச்சு.

அம்மா கையிலிருந்து போனைப் பிடுங்கிய என் அக்கா மகன் நேராக விஷயத்துக்கு வந்தான். "மாமா, அம்மா பேசறத விடு. மூணு சைக்கிள் பார்த்து வெச்சிருக்கேன். மூணுமே மிட்-ரேஞ்ச்தான். மூணுல எதை எடுக்கலாம், அத மட்டும் சொல்லு."

கவனித்தீர்களா? வாங்கலாமா, வேண்டாமா என்று அவன் கேட்கவில்லை. மூன்றில் எது என்றுதான் கேட்டான். விற்பனைக் கலை என்பதே இதுதான். 'வேண்டுமா?' என்ற கேள்வியை உங்கள் மண்டையிலிருந்து கழற்றி எடுத்துவிட்டு, 'எது?' என்ற கேள்வியை மாட்டிவிடுவது. ஜவுளிக்கடையில் "அம்மா, மாம்பழ பார்டரா, மயில் பார்டரா?" என்று கேட்கிறாரே, அதே டெக்னிக். புடவையே வேண்டாம் என்று எழுந்து வந்தவர்கள் எத்தனை பேர்?

'நாலரை லட்சத்துக்கு சைக்கிள் வாங்குகிறவன் கதை எனக்கெதற்கு?' என்று பக்கத்தைப் புரட்டப் போகிறீர்களா? கொஞ்சம் பொறுங்கள். அவன் பணக்கார வீட்டுப் பிள்ளை இல்லை. ஒரகடம் பக்கம் ஒரு தொழிற்சாலையில் ஷிஃப்ட் வேலை. கைக்கு வருவது மாசம் 38,000 ரூபாய். நீச்சல் கற்றுக்கொண்டது பெரியப்பா வீட்டு வயல் கிணற்றில். ஓடக் கற்றது முருகன் கோயில் படியில். வருஷத்துக்கு ஒரு படி என்ற கணக்கில்லை, நாளுக்கு ஒரு படி. மொத்தம் 365 படி. விடியற்காலையில் ஏறி இறங்கி, ஏறி இறங்கி, தொடையைக் கட்டையாக்கி வைத்திருக்கிறான். இப்படிப்பட்ட பையன் ஏமாந்தால் எனக்குக் கோபம் வரும். உங்களுக்கும் வரவேண்டும்.

டிரையத்லான் என்றால் மூன்று விளையாட்டும் ஒரே மூச்சில். முதலில் நீச்சல், கரையேறியதும் சைக்கிள், இறங்கியதும் ஓட்டம். ஹவாய்த் தீவில் 1978ல் முதல் 'அயர்ன்மேன்' போட்டி நடந்தபோது, களத்தில் இறங்கியவர்கள் வெறும் 15 பேர். முடித்தவர்கள் 12 பேர். ஜெயித்த கார்டன் ஹாலர் ஒரு டாக்ஸி டிரைவர். டிரையத்லானுக்கென்றே ஒரு சைக்கிள் அன்றைக்கு உலகத்திலேயே இல்லை. கிடைத்ததை மிதித்தார்கள்.

நம் ஊருக்கு இந்த ஜுரம் பலமாக வந்தது, 2015ல் நடிகர் மிலிந்த் சோமன் ஐம்பதைத் தொடும் வயதில் சூரிச்சில் முழு அயர்ன்மேனை முடித்த பிறகுதான். 2019ல் கோவாவுக்கே பாதி அயர்ன்மேன் வந்துவிட்டது. 70.3 என்று பெயர். கடலில் 1.9 கி.மீ. நீச்சல், 90 கி.மீ. சைக்கிள், 21.1 கி.மீ. ஓட்டம். எல்லாம் சேர்த்தால் 70.3 மைல், அதனால் அந்தப் பெயர். எட்டரை மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும். என் அக்கா மகனின் கனவு அதுதான்.

சென்னையிலிருந்து திருத்தணி எவ்வளவு தூரம்? ஏறக்குறைய 85 கி.மீ. ஆக, அந்த சைக்கிள் பகுதி என்பது சென்னையில் கிளம்பி, திருவள்ளூர் தாண்டி, முருகன் மலையடிவாரத்தையும் தாண்டிக் கொஞ்சம் போகிற தூரம். ஞாயிறு காலையில் அந்த ரோட்டில் பார்த்திருப்பீர்கள். இறுக்கமான கலர் டிரெஸ், கறுப்புக் கண்ணாடி, மாடு முட்டவருகிற மாதிரி தலையைக் குனிந்துகொண்டு போகிற பட்டாளம். அவர்களைப் பார்த்துத்தான் இவனுக்கும் ஆசை. ஆசையில் தப்பில்லை. தப்பு எங்கே ஆரம்பிக்கிறது என்று பார்ப்போம்.

அவன் பார்த்து வைத்த மூன்று என்னென்ன? செர்வலோ 'பி' வரிசையில் ஒன்று. கேன்யன் ஸ்பீட்மேக்ஸ் ஒன்று. ஜெயன்ட் டிரினிட்டி ஒன்று. முதலாவது 1995ல் தொடங்கிய கனடாக் கம்பெனி. இரண்டாவது, கடைக்காரரை நம்பாமல் நேராக வாடிக்கையாளருக்கே விற்று வளர்ந்த ஜெர்மன் கம்பெனி. மூன்றாவது தைவான். 1972ல் ஆரம்பித்து, அமெரிக்க பிராண்டுகளுக்கு சைக்கிள் செய்துகொடுத்தே பெரிய ஆளான கம்பெனி. மூன்றும் நல்ல சைக்கிள்தான். அதில் எனக்குச் சண்டையே இல்லை.

மூன்று வாரமாக இவன் மூன்றையும் ஒப்பிட்டு ஒரு நோட்டுப் புத்தகமே எழுதி வைத்திருக்கிறான். இது 200 கிராம் குறைவு, அதில் தண்ணீர் பாட்டில் ஃபிரேமுக்குள்ளேயே ஒளிந்திருக்கிறது, இன்னொன்றில் ஒயர் வெளியே தெரியாது. சரி, கியர் எது என்றேன். மூன்றிலும் அதே ஜப்பான் ஷிமானோ, அதே 105. ஃபிரேம் எதில் செய்தது? மூன்றும் கார்பன். உட்காரும் விதம்? மூன்றும் ஒரே மாதிரி, சீட்டு முன்னால் தள்ளி, முழங்கையை ஊன்றிக் குனிகிற மாதிரி. பிறகு என்னடா வித்தியாசம்? "கலர் மாமா" என்று சொல்ல அவனுக்கு வெட்கம். சொல்லவில்லை.

ஒரே விலையில் இருக்கிற பொருட்களுக்குள் வித்தியாசம் தேடுவதற்குத்தான் நம்முடைய முக்கால்வாசி நேரம் போகிறது. அந்த விலைக்குப் போவதே சரியா என்று யோசிக்கக் கால்வாசி நேரம்கூட மிஞ்சுவதில்லை.

நியாயமாகப் பேசுவோம். இந்த சைக்கிள் சும்மா பந்தாவா? இல்லை. சமதரையில் நீங்கள் வேகமாகப் போகும்போது உங்களைத் தடுப்பது பெரும்பாலும் காற்றுதான். வேகம் இரண்டு மடங்கானால், காற்றைக் கிழிக்கத் தேவைப்படும் சக்தி எட்டு மடங்கு. 30 கி.மீ. வேகத்தை 33 ஆக்க வேண்டுமா? வேகம் பத்து சதவீதம்தான் கூடுகிறது, ஆனால் காற்றோடு மல்லுக்கட்டும் சக்தி 33 சதவீதம் கூடுதலாக வேண்டும். அதனால்தான் குனிகிறார்கள்.

1989 டூர் டி ஃபிரான்ஸ் கதை சைக்கிள் உலகத்தில் எல்லோருக்கும் மனப்பாடம். கடைசி நாள். வெர்சாய் முதல் பாரிஸ் வரை 24.5 கி.மீ. தனித்தனி ஓட்டம். பிரெஞ்சுக்காரர் லோரான் ஃபின்யோன் 50 விநாடி முன்னிலையில் இருக்கிறார். அமெரிக்கர் கிரெக் லெமாண்ட், டிரையத்லான்காரர்களிடமிருந்து கடன் வாங்கிய ஏரோபாரை ஹேண்டிலில் மாட்டிக்கொண்டு வந்தார். அதாவது முழங்கையை ஊன்றிக்கொள்ள ஒரு நீட்டிய கொம்பு. ஃபின்யோன் ஹெல்மெட்கூடப் போடாமல் குடுமி பறக்க வந்தார். மூன்று வாரம், மூவாயிரம் கிலோமீட்டருக்கு மேல் ஓட்டிய பிறகு லெமாண்ட் எட்டே விநாடியில் ஜெயித்தார்.

இந்தக் கதையை விற்பனையாளர்கள் விரும்பிச் சொல்வார்கள். நானும் சொல்கிறேன். ஆனால் இதிலிருந்து என்ன தெரிகிறது? லெமாண்டை ஜெயிக்க வைத்ததில் பெரிய பங்கு அந்தக் கொம்புக்கும், அது அவரைக் குனியவைத்த விதத்துக்கும்தான். சாதாரண ரோடு சைக்கிளிலேயே மாட்டக்கூடிய அந்தக் கொம்பு இன்றைக்குச் சில ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கிறது. காற்றில் மோதுவது பெரும்பாலும் சைக்கிள் இல்லை சார், மேலே உட்கார்ந்திருக்கும் ஆசாமி. காற்றுத் தடையில் ஏறக்குறைய முக்கால் பங்கு உங்கள் உடம்புக்குச் சொந்தம். கால் பங்கு சைக்கிளை மாற்ற நாலரை லட்சம் கேட்கிறார்கள். முக்கால் பங்கு உடம்பை மாற்ற யாரும் எதுவும் கேட்பதில்லை, அதனால் யாரும் அதைப் பற்றிப் பேசுவதும் இல்லை.

குரங்குப் பெடல் அடித்திருக்கிறீர்களா? நான் அடித்திருக்கிறேன். மணிக்கூலி சைக்கிள் எடுத்து, சீட்டு எட்டாமல், பாருக்கு நடுவே ஒரு காலை விட்டு, உடம்பைக் கோணிக்கொண்டு ஓட்டுவோம். ஏன்? சைக்கிள் நம் அளவுக்கு இல்லை. அளவு சேராத சைக்கிளில் ஏறினால் குழந்தையாக இருந்தாலும் குரங்காகிவிட வேண்டியதுதான். நாலரை லட்சம் கொடுத்து அளவு சேராத கார்பன் ஃபிரேம் வாங்கி, 40 கிலோமீட்டரில் கழுத்து பிடித்துக்கொண்டு, கொம்பை விட்டு நிமிர்ந்து உட்கார்ந்து ஓட்டுகிறவர்களை அதே திருத்தணி ரோட்டில் பார்த்திருக்கிறேன். அது என்ன? விலை உயர்ந்த குரங்குப் பெடல்!

அடுத்த விஷயம்தான் எனக்கு உண்மையான பயம்.

சென்னை நண்பன் ஒருவனிடம் ஒரு டிரையத்லான் சைக்கிளை இரவல் வாங்கி வந்திருந்தான் அக்கா மகன். "ஒரு தடவை நீயே பார் மாமா, அப்புறம் பேசு" என்றான். ஆடிக் கிருத்திகைக்கு இரண்டு நாள் முன்பு. விடிந்தும் விடியாத நேரம். அவன் முன்னால் மிதிக்க, நான் மச்சானின் ஸ்கூட்டரில் பின்னால் போனேன். கனகம்மாசத்திரம் பக்கம். நல்ல ரோடு. பையன் கொம்பைப் பிடித்துப் படுத்தான் பாருங்கள், அம்பு மாதிரி பறந்தான். என் ஸ்பீடாமீட்டரில் 36. எனக்கே பெருமையாக இருந்தது, பொய் சொல்லக்கூடாது.

ரோட்டோரம் மஞ்சள் உடையில் காவடிக் கூட்டம் நடந்து வந்துகொண்டிருந்தது. ஒரு பாட்டி, தலையில் பால்குடம், கையில் பேத்தி. குழந்தையின் கையிலிருந்து என்னவோ உருண்டது. அதை எடுக்கக் குழந்தை ரோட்டுக்குள் இறங்கியது.

இந்த சைக்கிளில் பிரேக் எங்கே இருக்கிறது தெரியுமா? நீங்கள் பிடித்துக்கொண்டிருக்கும் கொம்பில் இல்லை. பக்கவாட்டு ஹேண்டிலில் இருக்கிறது. கொம்பின் நுனியில் இருப்பது கியர். அதாவது, வேகமாகப் போகும்போது உங்கள் கை பிரேக்கில் இருக்காது. கொம்பை விட வேண்டும், கையை அகட்டிக் கொண்டுபோக வேண்டும், பிறகு பிரேக்கைப் பிடிக்க வேண்டும். 36 கி.மீ. வேகம் என்றால் ஒரு விநாடிக்கு 10 மீட்டர். கை இடம் மாற ஒரு விநாடி என்று வையுங்கள். பிரேக் பிடிக்கவே ஆரம்பிக்காமல் 10 மீட்டர் போயாச்சு.

நின்றான். எப்படி நின்றான் என்று அவனுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. குழந்தைக்கும் முன் சக்கரத்துக்கும் நடுவே ஒரு முழம் இருந்திருக்கும். கூட்டத்தில் யாரோ "அரோகரா!" என்றார்கள். பாட்டி பால்குடத்தைச் சிந்தாமல் பிடித்துக்கொண்டு, "பார்த்துப் போ கண்ணு" என்றார். திட்டக்கூட இல்லை. அவன் இறங்கி ரோட்டோரம் உட்கார்ந்துவிட்டான். கை நடுங்கிக்கொண்டிருந்தது.

சைக்கிளில் ஒரு குறையும் இல்லை. போலீஸ் பந்தோபஸ்து போட்டு, வண்டி வாகனத்தை நிறுத்தி, எதிரே யாரும் வராத பாதையில் ஓட்டுவதற்காகச் செய்த சைக்கிள் அது. நம் ஊர் ரோட்டில் ஆடியில் காவடி வரும், தையில் திருவாலங்காடு சர்க்கரை ஆலைக்குக் கரும்பு டிராக்டர் வரும், வருஷம் முழுக்க நகரி, புத்தூர் பக்கமிருந்து லாரி வரும், ஆடு மாடு எல்லா மாசமும் வரும். போட்டி வருஷத்தில் ஒரு நாள். பயிற்சி மீதி 364 நாளும் இந்த ரோட்டில்தானே? அந்த 364 நாளும் நிமிர்ந்து உட்கார்ந்துதான் ஓட்டியாக வேண்டும். நிமிர்ந்து ஓட்ட அந்த சைக்கிள் சுகப்படாது. ஆக, ஒரு நாள் கூத்துக்கு மீசை வைத்துக்கொண்டு, மீதி நாளெல்லாம் சாப்பிடச் சிரமப்படுவது!

இதை அவனுக்கு எந்தக் கடைக்காரராவது சொன்னாரா? அவன் பார்த்த ஐம்பது வீடியோவில் ஒன்றாவது சொன்னதா? மூன்றில் எது சிறந்தது என்று நட்சத்திரம் போடுகிறார்கள். நாலு நட்சத்திரம், நாலரை நட்சத்திரம். 'உனக்கு இந்த மூன்றுமே இப்போது வேண்டாம் தம்பி' என்று ஒருவரும் எழுத மாட்டார்கள். எழுதினால் விளம்பரம் வராது.

இப்போது கணக்குக்கு வருவோம். பி.காம். படித்தவனிடம் வம்பு வைத்துக்கொண்டால் இதுதான் பிரச்னை.

வெளிநாட்டு சைக்கிளுக்கான இறக்குமதி வரியை 2023 மத்திய பட்ஜெட் 30 சதவீதத்திலிருந்து 35 ஆக்கியது. சைக்கிள் மீதான ஜி.எஸ்.டி.யை 2025 செப்டம்பரில் 12லிருந்து 5 சதவீதமாகக் குறைத்தார்கள், மகிழ்ச்சி. ஆனால் வரிக்கு மேல் வரி என்பதால், நூறு ரூபாய் சைக்கிள் இங்கே இறங்கும்போதே 141 ரூபாய் 75 காசு. அதன் பிறகு கடைக்காரர் லாபம், போக்குவரத்து. நீங்கள் கொடுக்கும் பணத்தில் ஒரு பெரிய துண்டு உங்களை ஒரு விநாடிகூட வேகமாக்காது. அது சர்க்காருக்குப் போகிறது.

பையன் கையில் நாலரை லட்சம் இல்லை. பர்சனல் லோன். 14 சதவீத வட்டி, மூன்று வருஷம். மாசத் தவணை ஏறக்குறைய 15,380 ரூபாய். சம்பளத்தில் நூற்றுக்கு நாற்பது. மூன்று வருஷத்தில் வட்டி மட்டும் ஒரு லட்சத்து மூவாயிரத்துச் சொச்சம். கவனியுங்கள், அந்த வட்டிக் காசுக்கே ஒரு நல்ல அலுமினியம் ரோடு சைக்கிள் கிட்டத்தட்ட வந்துவிடும்! சைக்கிளையே வட்டியாகக் கட்டுகிறான்.

இப்போது இன்னொரு கணக்கு. இவன் ஒரு தடவை தனியாக மூன்றையும் செய்து பார்த்திருக்கிறான், பரீட்சைக்கு முன் மாடல் டெஸ்ட் எழுதுவது போல. ஓட்டத்தில் கடைசி 8 கி.மீ. நடந்தான். முடியவில்லை. மணிக்கு 6 கி.மீ. வேகத்தில் நடந்தால் அந்தத் தூரத்துக்கு 80 நிமிடம். மெதுவாக, 9 கி.மீ. வேகத்தில் ஓடியிருந்தாலே 53 நிமிடம். போனது 27 நிமிடம். அவன் வாங்க நினைக்கிற சைக்கிள், கொம்பு மாட்டிய ரோடு சைக்கிளைவிட 90 கி.மீ.யில் மிச்சப்படுத்திக் கொடுப்பது சில நிமிடங்கள். ஆக, முருகன் படியில் இனாமாகக் கிடைக்கிற 27 நிமிடத்தை விட்டுவிட்டு, நாலரை லட்சத்துக்குச் சில நிமிடம் வாங்கப் போகிறான். இதற்கு எந்த கணக்குப் புத்தகத்திலும் பெயர் கிடையாது.

அதைவிடப் பெரிய விஷயம் நீச்சல். டிரையத்லான் போட்டிகளில் நேர்ந்த சாவுகளை ஆராய்ந்த மருத்துவர்கள் கண்டது, பெரும்பாலானவை நடந்தது தண்ணீரில் என்பதைத்தான். சைக்கிளில் அல்ல, ஓட்டத்தில் அல்ல. கிணற்றில் கற்ற நீச்சலோடு, சுற்றிலும் நூற்றுக்கணக்கான பேர் கையையும் காலையும் வீச, அலையடிக்கிற கடலில் இறங்கப் போகிறவன் முதலில் எதில் காசு போடவேண்டும்? ஒரு நல்ல பயிற்சியாளரோடு கடலில் நீந்திப் பழகுவதற்கு. இறங்குவதற்கு முன் ஒரு இதயப் பரிசோதனைக்கு. அதற்கெல்லாம் காசு கேட்டால், "அப்புறம் பார்த்துக்கலாம் மாமா" என்கிறான்! ஃபோட்டோ எடுத்துப் போட முடியாத செலவு எல்லாம் 'அப்புறம்'தான்.

'இளைஞர்கள் பீடி, பிராந்தி என்று அலையாமல் சைக்கிள் ஓட்டுகிறார்கள். அதையும் குறை சொல்லவேண்டுமா?' என்று ஒரு கடிதம் வரப்போகிறது, தெரியும். ஐயா, நான் சைக்கிளைக் குறை சொல்லவில்லை. ப்ளஸ் ஒன் பிள்ளைகளுக்கு அரசாங்கமே இலவச சைக்கிள் கொடுக்கிற மாநிலம் இது. அம்பத்தூரில் 1949லேயே சைக்கிள் தொழிற்சாலை வைத்த ஊர் நாம். சைக்கிள் நமக்கு ரத்தத்திலேயே உண்டு. என் கோபமெல்லாம், 'இந்த சைக்கிள் இல்லையென்றால் நீ இந்த விளையாட்டுக்கே லாயக்கில்லை' என்று ஒரு கூலிக்காரப் பையனை நம்பவைக்கிறார்களே, அதன் மேல்தான். ஒலிம்பிக் டிரையத்லானைப் பாருங்கள், 2000ல் சிட்னியில் சேர்த்தார்கள். அங்கே ஒருவர் பின்னால் ஒருவர் ஒட்டி ஓட்டலாம் என்பதால், இந்தக் கனவு சைக்கிளுக்கு அனுமதியே இல்லை. சாதாரண வளைந்த ஹேண்டில் ரோடு சைக்கிள்தான். தங்கப் பதக்கத்துக்கே அது போதும் என்றால், எட்டரை மணி நேரத்துக்குள் முடிக்கப் போதாதா?

'அப்படியானால் யாருமே வாங்கக்கூடாதா?' வாங்கலாம். இரண்டு மூன்று போட்டியை முடித்தவர்கள், ரோடு சைக்கிளில் கொம்பை மாட்டி இரண்டு மணி நேரம் கழுத்து வலிக்காமல் குனிந்து ஓட்டக் கற்றவர்கள், கடன் வாங்காமல் காசு எண்ணி வைக்க முடிந்தவர்கள் தாராளமாக வாங்கலாம். அவர்களுக்கும் மூன்றில் எது என்ற கேள்வி வரும். அதற்கும் பதில் சொல்லாமல் போனால் நான் கோழை.

முதலில் உடம்பை அளக்கச் சொல்லுங்கள், பிறகு சைக்கிளைத் தேடுங்கள். பெடல் அச்சிலிருந்து ஹேண்டில் கழுத்து எவ்வளவு உயரம், எவ்வளவு முன்னால் என்ற இரண்டு அளவுக்கு ஸ்டாக், ரீச் என்று பெயர். 'மீடியம் சைஸ்' என்று ஒட்டியிருப்பதை நம்பாதீர்கள். ஒரு கம்பெனி மீடியம் இன்னொரு கம்பெனியில் சேராது. மூன்றில் எது உங்கள் அளவுக்கு வருகிறதோ, அதுதான் உங்களுக்கு நல்ல சைக்கிள். நட்சத்திரம் எத்தனை என்பது இரண்டாம்பட்சம்.

அடுத்து, உடைந்தால் கிடைக்குமா என்று பாருங்கள். எல்லாவற்றையும் ஃபிரேமுக்குள் ஒளித்து வைத்த அழகான சைக்கிளில் ஒரு சின்ன ஆணி போனாலும் அந்தக் கம்பெனி ஆணிதான் வேண்டும். அது எப்போது கப்பலேறி வரும்? சாதாரண பாகம் போட்ட சைக்கிள் பார்க்க அசடாக இருக்கும், ஆனால் ஓடும். பின் கியரைத் தாங்குகிற சின்ன அலுமினியக் காது, ஹேங்கர் என்பார்கள், அதில் உபரி ஒன்று வாங்கி வைக்காமல் சைக்கிளை வீட்டுக்கு எடுத்து வராதீர்கள்.

போட்டி நடக்கும் ஊருக்கு அதைப் பெட்டியில் போட்டு எடுத்துப் போகவேண்டும். ஹேண்டிலைக் கழற்றி மாட்ட உங்களுக்கே தெரியவேண்டும். கடையிலேயே ஒரு முறை செய்து பாருங்கள். முடியாவிட்டால் அந்த சைக்கிள் வேண்டாம். ஏற்றத்துக்கான கியர் இருக்கிறதா என்று கேளுங்கள், கௌரவம் பார்க்காதீர்கள். நீங்கள் 55 கிலோ ஆசாமியாக இருந்தால் ஆழமான ரிம்முக்கு ஆசைப்படாதீர்கள். கடற்கரைக் காற்று பக்கவாட்டில் அடித்தால் பட்டம்தான். செகண்ட் ஹாண்ட் கார்பன் என்றால் இன்னும் ஜாக்கிரதை. விரிசல் பெயின்டுக்கு அடியில் இருக்கும்.

இதையெல்லாம் அக்கா மகனிடமும் சொன்னேன். அவனுக்கு என் மேல் கோபம். இரண்டு வாரம் போன் இல்லை. "நீ ஏன்டா அவ்ளோ கண்டிச்சே?" என்று அக்காவே என்னைத் திட்டினாள். அம்மாக்கள் அப்படித்தான்.

மலையடிவாரத்தில் அவனுக்குச் சின்ன வயதிலிருந்து சைக்கிள் பார்க்கிற ஒரு மெக்கானிக் இருக்கிறார். பாதி தமிழ், பாதி தெலுங்கு. அந்த இரவல் சைக்கிளைக் கொண்டுபோய் அவரிடம் காட்டியிருக்கிறான். அவர் தூக்கிப் பார்த்தாராம், சக்கரத்தைச் சுற்றிக் கோட்டம் பார்த்தாராம். கடைசியில், "பண்டி பாகுந்திரா. இதுல ஏறுனா பிரேக்கு எங்கடா புடிப்ப?" என்றாராம். நான் இரண்டு மணி நேரம் பேசியதை ஒரே கேள்வியில் கேட்டுவிட்டார்.

போன வாரம் போன் வந்தது.

"மாமா, ரோடு சைக்கிள் ஒண்ணு பார்த்திருக்கேன். அலுமினியம். கைல இருக்கற காசுக்கு வரும். ஆனா சொல்லிட்டேன், அடுத்த வருஷம் கோவா முடிச்சிட்டு அதை வாங்குவேன்."

"வாங்குடா மாப்ளே. முடிச்சிட்டு வா, கடைக்கு நானே கூட வர்றேன்."

ஞானப்பழக் கதை உங்களுக்குத் தெரியாததா? உலகத்தைச் சுற்றும் போட்டியில் வேகமான வாகனம் வைத்திருந்தவர் நம் முருகன்தான். மயிலில் பறந்தார். ஜெயித்தது, எங்கே சுற்றவேண்டும் என்று யோசித்த அண்ணன். கோபித்துக்கொண்டு மலையேறிய அந்த முருகன், சூரனை வென்று சினம் தணிந்து உட்கார்ந்த இடம்தான் திருத்தணி என்பார்கள். அங்கே சந்நிதிக்கு எதிரே மயில்கூட நிற்காது, யானைதான் நிற்கும்.

நீங்கள் கடையில் நிற்கும்போது, "சார், இந்த மயிலா, அந்த மயிலா?" என்று ஒருவர் கேட்பார். பதில் சொல்வதற்கு முன் ஒரு நிமிடம் வெளியே வந்து டீ குடியுங்கள்.